நெவில் கிரவுண்ட்: கபில்தேவ் 175 அடித்த மைதானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் அடித்த 175 ரன் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அது அடிக்கப்பட்ட மைதானத்தைப் பற்றிக் கேட்டால் "இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்தச் சின்ன ஊர் மைதானத்துக்கு நூற்றிருபது வருடத்துக்கு மேல் கதை இருக்கிறது. அதில் கபில் ஒரு நாள்தான். ஆனால் நம்மவர்கள் கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசி அந்த ஒரு நாளைப் பற்றியே இருப்பதால், இங்கேயும் அதற்குத்தான் இடம் அதிகம்.

இந்த மைதானம் எங்கே இருக்கிறது?

தென்கிழக்கு இங்கிலாந்தில், கென்ட் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), ராயல் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊரில். லண்டனிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1606இல் இங்கே இரும்புச் சத்துள்ள ஊற்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று லண்டன் பிரபுக்கள் கிளம்பி வர, அவர்களைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. பெயரில் உள்ள 'வெல்ஸ்' அந்த ஊற்றுதான். 'ராயல்' என்ற பட்டத்தை 1909இல் ஏழாம் எட்வர்டு மன்னர் கொடுத்தார்.

ஊருக்கு இன்னொரு பேரும் உண்டு. எதற்கெடுத்தாலும் கொதித்துப்போய்ப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் பழமைவாதிப் பெரியவரை இங்கிலாந்தில் 'டன்பிரிட்ஜ் வெல்ஸ்காரர்' என்று கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட ஊரின் கிரிக்கெட் மைதானத்தில்தான் கீழே சொல்லப்போகிற தீவைப்பு நடந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டான்பிரிட்ஜ் என்று ஓர் ஊர் இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

இல்லை. எட்டு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், உச்சரிப்பில் அதுவும் கிடையாது. அந்த இன்னோர் ஊரையும் 'டன்பிரிட்ஜ்' என்றுதான் சொல்ல வேண்டும், ஆகவே தமிழில் எழுதும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. கென்ட்டின் பழம்பெரும் ஆட்டக்காரர் ஃபிராங்க் வூலி பிறந்தது அந்த ஊரில். ஊட்டியில் பிறந்த காலின் கவுட்ரி பள்ளிக்கூடம் படித்ததும் அங்கேதான். ஆமாம், நம் ஊட்டியேதான். 1932இல் அங்கே பிறந்த பிள்ளை பின்னாளில் இங்கிலாந்தின் கேப்டனாகவும், பதினைந்து சீசன் கென்ட்டின் கேப்டனாகவும் இருந்தார்.

இது கென்ட் அணியின் சொந்த மைதானமா?

கென்ட்டின் தலைமையகம் கேன்டர்பரியில் உள்ள செயின்ட் லாரன்ஸ் மைதானம். எல்லைக் கோட்டுக்குள்ளேயே ஒரு லைம் மரம் (எலுமிச்சை இல்லை, லிண்டன் என்ற வேறு மரம்) நின்றதே, அதுதான். 2005 ஜனவரிப் புயலில் அந்த மரம் முறிந்தது. நெவில் கிரவுண்டை 'வெளி மைதானம்' என்று சொல்லலாம். முன்பெல்லாம் வருடத்தில் ஒரு வாரம் கென்ட் அணி மூட்டை முடிச்சுடன் வந்து இறங்கும். ஊரே திரண்டு வரும். மைதானத்தைச் சுற்றி வெள்ளைக் கூடாரங்கள் முளைக்கும். நம் ஊர்த் திருவிழாவில் சாமி ஊர்வலமாக வெவ்வேறு தெருவுக்கு வருவதைப் போலத்தான். அந்த வாரம் முடிந்ததும் மைதானம் மறுபடி உள்ளூர் கிளப்காரர்கள் கைக்குப் போய்விடும்.

நெவில் என்பவர் யார்? கிரிக்கெட் வீரரா?

வீரர் இல்லை, நிலச்சுவான்தார் குடும்பத்தின் பெயர். அபர்கவெனி பிரபுக்களின் குடும்பப் பெயர் நெவில். அவர்களின் எரிட்ஜ் பண்ணை நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து மைதானம் அமைத்தார்கள். 1898இல் அபர்கவெனி பிரபுவே வந்து திறந்துவைத்தார். டன்பிரிட்ஜ் வெல்ஸ் கிளப்பும் புளூ மேன்டில்ஸ் என்ற கிளப்பும் அங்கே ஆடின. அதற்கு முன்பு இந்த ஊரில் கிரிக்கெட் நடந்தது 'ஹையர் காமன்' என்ற பொதுப் புல்வெளியில். கென்ட் அணி நெவில் கிரவுண்டில் முதன்முதலாக ஆடியது 1901இல், லங்காஷயருக்கு எதிராக.

1913இல் பெவிலியனை எரித்தது யார்? ஏன்?

சஃப்ரஜெட்டுகள், அதாவது பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய தீவிரப் பிரிவினர். 1913 ஏப்ரல் 11ஆம் தேதி விடிவதற்குள் பெவிலியன், அதாவது ஆட்டக்காரர்கள் தங்கும் கட்டடம், எரிந்து சாம்பலாகிவிட்டது. அந்த இடத்தில் சஃப்ரஜெட்டுகளின் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்டின் படம் கிடந்தது.

தேதியைக் கவனித்தால் காரணம் புரியும். ஏப்ரல் 3ஆம் தேதிதான் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாருக்கு மூன்று வருடச் சிறைத்தண்டனை விதித்தார்கள். எட்டு நாளில் இது நடந்தது. அந்த வருடம் முழுக்க இங்கிலாந்தில் இதே கதைதான். பிப்ரவரியில் கியூ தாவரவியல் பூங்காவின் தேநீர் விடுதி எரிந்தது. நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் குண்டு வெடித்தது. கோல்ஃப் மைதானங்களின் புல்தரையில் அமிலத்தை ஊற்றி "பெண்களுக்கு ஓட்டு" என்று எழுதிவைத்தார்கள். ஆட்களைக் கொல்லக் கூடாது, சொத்தைத் தாக்க வேண்டும், அதிலும் ஆண்கள் உயிரினும் மேலாக நினைக்கிற சொத்தைத் தாக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் கென்ட் கவுன்டியில் கிரிக்கெட் பெவிலியனைவிடப் பொருத்தமான இலக்கு கிடைத்திருக்காது. 1906, 1909, 1910 என்று மூன்று முறை சாம்பியன் ஆன அணி அது. 1913லும் அவர்கள்தான் ஜெயித்தார்கள்.

தீ வைத்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு. யாருக்கும் காயமில்லாமல் போனது நல்லதுதான். ஆனால் மனு கொடுத்து மனு கொடுத்து ஐம்பது வருடம் கழிந்த பிறகு வைத்த தீ என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எரித்தவர்கள் பிடிபட்டார்களா?

இல்லை. ஒருவர் மீதும் வழக்கு வரவில்லை.

ஷெர்லாக் ஹோம்ஸை எழுதியவருக்கும் இந்தத் தீவைப்புக்கும் என்ன சம்பந்தம்?

தீவைப்பைக் கண்டித்து, பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்ற சங்கத்தார் அந்த மாதமே ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். அதில் முக்கியப் பேச்சாளர் ஆர்தர் கானன் டாயில். அப்போது அவர் பக்கத்திலேயே கிரோபரோவில் குடியிருந்தார். சஃப்ரஜெட்டுகளைக் கடுமையாகத் திட்டிப் பேசினார்.

அவருக்குக் கோபம் வந்ததற்கு அரசியல் மட்டும் காரணமில்லை. மனிதர் உண்மையான கிரிக்கெட் பைத்தியம். எம்.சி.சி. (லார்ட்ஸ் மைதானத்தின் மெரில்போன் கிரிக்கெட் கிளப்) அணிக்காகப் பத்து முதல்தர ஆட்டங்கள் ஆடியவர். அத்தனை ஆட்டத்திலும் சேர்த்து அவர் எடுத்தது ஒரே ஒரு விக்கெட். ஆனால் அது அந்தக் காலத்தின் மிகப் பெரிய பேட்ஸ்மேன் டபிள்யூ. ஜி. கிரேஸ்! ஒரே விக்கெட்தான் கிடைக்கும் என்றால் வேறு யாரை எடுப்பது? உலகத்தின் மிகப் பெரிய துப்பறிவாளரைப் படைத்தவர் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் நடந்த குற்றத்தில் குற்றவாளி யாரென்றே தெரியாமல் போனதுதான் இதில் வேடிக்கை.

இப்போது இருக்கும் பெவிலியன் எப்போது கட்டியது?

அதே 1913இல். முதல் பெவிலியனை வடிவமைத்த சி. எச். ஸ்ட்ரேஞ்ச் என்பவரையே மறுபடி கூப்பிட்டார்கள். 1,200 பவுண்டு செலவில், ஒன்பதே வாரத்தில், அந்த வருடத்துக் கிரிக்கெட் வாரத்துக்கு முன்பு எழுப்பி முடித்துவிட்டார்கள். காப்பீட்டுப் பணமும் கைகொடுத்தது. மறு வருடமே உலகப்போர் வந்து மைதானம் ராணுவக் குதிரைகளின் கொட்டடி ஆனது. கட்டடம் பிழைத்தது, குளம்படி பட்ட புல்தரைதான் பாடாய்ப் பட்டது. போர் முடிவதற்கு முன்பே, 1918இல், முப்பது வயதைத் தாண்டிய, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாகக் கிடைக்க இன்னும் பத்து வருடம் ஆனது.

மூன்று நாள் ஆட்டம் ஒரே நாளில் முடிந்த கதை உண்மையா?

உண்மை. 1960 ஜூன் 15. கென்ட்டும் வொர்ஸ்டர்ஷயரும் மோதின. கென்ட் முதலில் ஆடி 187. வொர்ஸ்டர்ஷயர் 25க்கு ஆல் அவுட். ஃபாலோ ஆன் வாங்கி இரண்டாவது முறை ஆடியது, 61க்கு ஆல் அவுட். இன்னிங்ஸும் 101 ரன்னும் வித்தியாசத்தில் கென்ட் ஜெயித்தபோது இன்னும் அன்றைய பொழுதே முடியவில்லை. இங்கிலாந்தில் ஒரே நாளில் முடிந்த முதல்தர ஆட்டம் அதற்குப் பிறகு இன்றுவரை கிடையாது.

டேவ் ஹாஃப்யார்டும் ஆலன் பிரவுனும் பிரமாதமாகப் பந்து வீசினார்கள் என்பது ஒரு பக்கம். உண்மையான வில்லன் பிட்ச். சரியாகப் பண்படாத தரையில் ஒரு பந்து முகத்துக்கு எகிறும், அடுத்த பந்து கணுக்காலுக்கு உருளும். அந்தக் காலத்தில் பிட்சை மழையிலிருந்து முழுசாக மூடிவைக்கும் வழக்கமும் இல்லை. வருடத்தில் ஒரு வாரம் மட்டும் பெரிய கிரிக்கெட் நடந்த மைதானத்தில், நிரந்தரமாகப் பத்து ஆட்கள் வேலை பார்க்கும் லார்ட்ஸ் மாதிரித் தரையை எதிர்பார்க்கவும் முடியாது. இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் ஆகியிருக்க வேண்டிய டிக்கெட் வசூல், சாப்பாட்டுக் கடை, பீர் கூடாரம் எல்லாம் அம்போ. கிரிக்கெட் வாரத்தை நம்பி வருடம் முழுக்கக் காத்திருந்த ஊருக்கு அது சின்ன நஷ்டம் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வொர்ஸ்டர்ஷயரின் பதினோரு பேரும் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்ந்து எடுத்தது 86. இருபத்து மூன்று வருடம் கழித்து அதே மைதானத்தில் ஒரே ஆள், ஒரே இன்னிங்ஸில், அதன் இரண்டு மடங்குக்கும் மேல் அடிக்கப்போகிறார்.

உலகக் கோப்பை ஆட்டம் எப்படி இந்தச் சின்ன மைதானத்துக்கு வந்தது?

1979 உலகக் கோப்பை ஆறு மைதானங்களோடு முடிந்தது. 1983இல் லீக் சுற்றில் ஒவ்வோர் அணியுடனும் இரண்டு முறை ஆட வேண்டும் என்று வைத்ததால் மொத்தம் 27 ஆட்டங்கள். அதனால் 15 மைதானங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். டெர்பி, டான்டன், வொர்ஸ்டர், லெஸ்டர், செம்ஸ்ஃபோர்டு, வேல்ஸில் ஸ்வான்சி என்று கவுன்டி மைதானங்கள் பலவற்றுக்கு ஆளுக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது. கூட்டம் சேராது என்று நினைத்த ஆட்டங்களைச் சின்ன ஊர்களுக்குத் தள்ளினார்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவும் ஜிம்பாப்வேயும் ஆடுவதைப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்பதுதான் அன்றைய நினைப்பு. நெவில் கிரவுண்டில் நடந்த ஒரே ஆண்கள் ஒருநாள் சர்வதேசப் போட்டி அதுதான். ஒன்றே ஒன்று, அதுவும் இப்படி ஓர் ஆட்டம்.

1983 ஜூன் 18 அன்று சரியாக என்ன நடந்தது?

டாஸ் ஜெயித்த கபில் பேட்டிங் எடுத்தார். காலை ஈரத்தில் பீட்டர் ராசனும் கெவின் கரனும் பந்தைத் திருப்பித் திருப்பி வீசினார்கள். ஒரு ரன்கூட வருவதற்கு முன்பே கவாஸ்கர் எல்பிடபிள்யூ. 6 ரன்னில் ஸ்ரீகாந்த், அதே 6இல் மொஹிந்தர் அமர்நாத், 9இல் சந்தீப் பாட்டீல். கபில் உள்ளே வந்தபோது ஸ்கோர் 4 விக்கெட்டுக்கு 9. கொஞ்ச நேரத்தில் யஷ்பால் சர்மாவும் போக, 5 விக்கெட்டுக்கு 17.

இங்கேதான் பலரும் கதையைத் தப்பாகச் சொல்கிறார்கள். கபில் வந்ததும் காட்டடி அடிக்கவில்லை. ரோஜர் பின்னியை மறுமுனையில் வைத்துக்கொண்டு ஒன்றும் இரண்டுமாக ஓடினார். அந்த ஜோடி 60 ரன் சேர்த்தது. 77இல் பின்னி அவுட், 78இல் ரவி சாஸ்திரி அவுட். மறுபடி பள்ளம். மதன்லால் 17 ரன் எடுத்துத் துணை நின்றார். 140இல் அவரும் போனார். எட்டாவது விக்கெட் விழுந்துவிட்டது.

அப்புறம் வந்தார் சையத் கிர்மானி. பிரிக்க முடியாத ஒன்பதாவது விக்கெட் கூட்டணியில் 126 ரன். அதில் கிர்மானியின் பங்கு ஆட்டமிழக்காமல் 24. அந்த 24ஐ நான் எப்போதும் 175க்குப் பக்கத்திலேயே வைத்துப் பேசுவேன். ஆட்டமிழந்திருந்தால் அடுத்து வருவதற்குப் பல்விந்தர் சந்து ஒருவர்தான் பாக்கி. கடைசி ஓவர்களில்தான் கபில் கையை முழுசாக வீசினார். 138 பந்து, 16 ஃபோர், 6 சிக்ஸர், 175 நாட் அவுட். 60 ஓவரில் இந்தியா 8 விக்கெட்டுக்கு 266. அவர் உள்ளே வந்த பிறகு அணி சேர்த்த 257இல் மற்றவர்களும் உதிரிகளும் சேர்த்துக் கொடுத்தது 82தான்.

ஒருநாள் கிரிக்கெட்டில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் சதம் அது. 1975இல் சதம் இல்லை, 1979இல் சதம் இல்லை, கவாஸ்கருக்கே அப்போது சதம் இல்லை.

ஜிம்பாப்வே சும்மா விழுந்துவிடவில்லை. கெவின் கரன் 73 எடுத்துப் பயமுறுத்தினார். 57 ஓவரில் 235க்கு ஆல் அவுட் ஆனார்கள். இந்தியாவுக்கு 31 ரன்னில் வெற்றி. மதன்லாலுக்கு மூன்று விக்கெட். கபில் பதினோரு ஓவர் வீசி 32 ரன்தான் கொடுத்தார். பேட்டிங்கில் அத்தனை நேரம் நின்ற பிறகு வீசிய ஓவர்கள் அவை.

ஸ்ரீகாந்த் அன்றைக்கு என்ன செய்தார்?

டக். கரன் பந்தில் புட்சார்ட்டிடம் கேட்ச். சென்னைக்காரர்களுக்கு அன்று பெருமைப்பட அவ்வளவுதான். ஆனால் அந்த நாளை நமக்குச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். விக்கெட்டுகள் சரிந்தபோது கபில் குளித்துக்கொண்டிருந்தார், கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது என்பதை அவருக்கே உரிய பாணியில் மேடைகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து லார்ட்ஸ் இறுதிப் போட்டியில் இரு அணியிலும் அதிக ரன் எடுத்தவர் அவர்தான், 38. ஆகவே கணக்கு நேராகிவிட்டது.

அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தால் இந்தியா வெளியேறியிருக்குமா?

'வாழ்வா சாவா ஆட்டம்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அந்தக் காலை நிலவரப்படி நான்கு ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு வெற்றி, ஆஸ்திரேலியாவுக்கும் இரண்டு வெற்றி, ஜிம்பாப்வேக்கு ஒன்று. அன்றே லார்ட்ஸில் ஆஸ்திரேலியா மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்றது. இந்தியாவும் தோற்றிருந்தால் மூன்று அணியும் இரண்டிரண்டு வெற்றியுடன் நின்றிருக்கும். ஜூன் 20 அன்று செம்ஸ்ஃபோர்டில் ஆஸ்திரேலியாவை ஜெயித்தால் இந்தியாவுக்கு அப்போதும் வழி இருந்தது. ஜிம்பாப்வே தன் கடைசி ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளை வீழ்த்தினால் மட்டும் ரன் விகிதம் பார்க்க வேண்டி வந்திருக்கும்.

சரி, அப்படியானால் 175க்கு மதிப்பில்லையா? இருக்கிறது. 17க்கு 5 என்ற நிலையில் 70க்கோ 80க்கோ சுருண்டிருந்தால் ரன் விகிதமும் போயிருக்கும், அணியின் தெம்பும் போயிருக்கும். ஜூன் 13இல் ஆஸ்திரேலியாவிடமும் 15இல் மேற்கிந்தியத் தீவுகளிடமும் அடுத்தடுத்து உதை வாங்கி வந்த அணி அது. இங்கே ஜெயித்த தெம்பில் செம்ஸ்ஃபோர்டில் ஆஸ்திரேலியாவை 118 ரன்னில் நசுக்கினார்கள். அட்டவணைக் கணக்கைவிட அந்தத் தெம்புதான் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

வீடியோ ஏன் இல்லை?

அன்று பிபிசி ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்பதுதான் நாம் கேட்டு வளர்ந்த விளக்கம். அன்றைக்கு ஒரே நேரத்தில் நான்கு ஆட்டங்கள் நடந்தன என்பதையும் பார்க்க வேண்டும். லார்ட்ஸில் ஆஸ்திரேலியா மேற்கிந்தியத் தீவுகளுடன், ஓல்டு டிராஃபோர்டில் இங்கிலாந்து பாகிஸ்தானுடன், டெர்பியில் இலங்கை நியூசிலாந்துடன். வேலைநிறுத்தமே இல்லாவிட்டாலும் டன்பிரிட்ஜ் வெல்ஸுக்குக் கேமரா வண்டி வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். நான்கு கேமரா வண்டி வைத்து நான்கு ஆட்டத்தையும் காட்டும் காலம் அதுவல்ல.

(டெர்பியில் அன்று இலங்கை ஜெயித்தது. அந்தத் தொடரில் அவர்களுடைய ஒரே வெற்றி. அதைப் பற்றியும் பேச ஆள் குறைவு.)

எது எப்படியோ, மிச்சமிருப்பது புகைப்படங்களும் ஸ்கோர்கார்டும் பார்த்தவர்களின் வாய்வார்த்தையும்தான். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. லார்ட்ஸ் இறுதிப் போட்டியில் ரிச்சர்ட்ஸின் கேட்சைக் கபில் பின்னால் ஓடிப் பிடித்ததை ஆயிரம் முறை பார்த்தாகிவிட்டது. இந்த 175ஐ மட்டும் ஒவ்வொருவரும் தன் தலைக்குள் தானே அடித்துப் பார்த்துக்கொள்கிறோம்.

எதிரணியில் ஆடியவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள்?

கேப்டன் டங்கன் ஃபிளெட்சர். அதே தொடரின் முதல் நாளில் ஆட்டமிழக்காமல் 69 ரன்னும் 4 விக்கெட்டும் எடுத்து ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தவர். பின்னாளில் இங்கிலாந்துக்கும், 2011 முதல் 2015 வரை இந்தியாவுக்கும் பயிற்சியாளராக இருந்தார். அன்று நம்மை 17க்கு 5 ஆக்கிய அணியின் தலைவர் நம் அணிக்கே கோச் ஆனது விசித்திரம்தான்.

கெவின் கரன் இங்கிலாந்தில் கவுன்டி ஆடினார், 2012இல் காலமானார். அவருடைய மகன்கள்தான் டாம், சாம், பென். டாமும் சாமும் இங்கிலாந்துக்கு ஆடினார்கள், பென் அப்பாவின் நாடான ஜிம்பாப்வேக்கு ஆடுகிறார். சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையில் சேப்பாக்கத்தில் கைதட்டு வாங்கிய அதே சாம் கரன்தான். ஸ்ரீகாந்தை டக் அவுட் ஆக்கியவரின் பிள்ளை!

175 உலக சாதனையாக எவ்வளவு நாள் இருந்தது?

ஒரு வருடத்துக்கும் குறைவு. அதற்கு முன் 1975இல் நியூசிலாந்தின் கிளென் டர்னர் எடுத்த 171தான் ஒருநாள் ஆட்டத்தின் அதிகபட்சம். கபில் அதைத் தாண்டினார். 1984இல் ஓல்டு டிராஃபோர்டில் விவியன் ரிச்சர்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 189 எடுத்து அதையும் தாண்டினார்.

மைதானத்தைச் சுற்றியுள்ள பூச்செடிகள் என்ன?

ரோடோடென்ட்ரான். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்பார்களே, அந்த இனம். நம் மலையில் மரமாக நிற்பது அங்கே அடர்ந்த புதராக மைதானத்தின் ஓரமெல்லாம் வளர்ந்திருக்கிறது. மே கடைசியிலும் ஜூனிலும் ஊதாவும் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும். முடிந்தவரை பூ இருக்கும்போதே கிரிக்கெட் வாரம் வரும்படி பார்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் அழகான மைதானங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது இடம்பிடிப்பதற்கு அந்தப் புதர்தான் காரணம். பந்து உள்ளே போய்விட்டால் தேடி எடுப்பது பெரும்பாடு.

கபில் வாழ்க்கைப் படத்தில் வருவது நிஜ மைதானமா, செட்டா?

நிஜம். அந்த உலகக் கோப்பையை வைத்து 2021 டிசம்பரில் வந்த இந்திப் படத்துக்காக, 2019இல் ரன்வீர் சிங் நெவில் கிரவுண்டுக்கே வந்து ஆடினார். அதில் ஸ்ரீகாந்தாக நடித்தவர் நம் ஜீவா. ஒரு சின்னத் திருத்தம், அது கபிலின் வாழ்க்கைப் படம் இல்லை, மொத்த அணியின் கதை. கேமரா வராத ஆட்டத்துக்காக முப்பத்தாறு வருடம் கழித்துக் கேமராக்கள் வந்து இறங்கின.

கென்ட் இன்னும் அங்கே ஆடுகிறதா?

2019 ஜூனில் நாட்டிங்ஹாம்ஷயருடன் நான்கு நாள் ஆட்டம் ஒன்று ஆடியது. மறு வருடம் கொரோனா வந்து கவுன்டி அட்டவணையையே புரட்டிப்போட்டது.

வெளி மைதானங்கள் தேய்ந்துபோனது கொரோனாவால் மட்டுமில்லை. ஒரு காலத்தில் கென்ட் அணி சுற்றிய ஊர்களைச் சொன்னாலே மூச்சு வாங்கும்: டோவர், ஃபோக்ஸ்டன், மெய்ட்ஸ்டன், டார்ட்ஃபோர்டு, கிரேவ்ஸெண்ட், பிளாக்ஹீத், டான்பிரிட்ஜ். ஒவ்வொன்றாகக் கழன்றன. கிரேவ்ஸெண்டும் பிளாக்ஹீத்தும் 1971இல், டோவர் 1976இல், மெய்ட்ஸ்டன் 2005இல். தற்காலிக இருக்கைகள் போட வேண்டும், கூடாரம், கழிப்பறை, வேலி, பாதுகாப்பு எல்லாம் வாடகைக்கு எடுக்க வேண்டும். நான்கு நாளும் தாங்கும் பிட்ச் வேண்டும், சரியில்லை என்றால் புள்ளி வெட்டுவார்கள். கேன்டர்பரியில் எல்லாம் கட்டிவைத்துவிட்டு இன்னோர் ஊரில் ஏன் செலவு என்று கணக்காளர் கேட்டால் பதில் சொல்வது கடினம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கவுன்டி என்பது ஒரு நகரத்தின் அணி இல்லை, ஒரு வட்டாரத்தின் அணி. வட்டாரத்துக்குப் போகாமலேயே இருந்துவிட்டால் அப்புறம் வட்டாரத்து ஆட்கள் எதற்கு டிக்கெட் வாங்கிக் கேன்டர்பரிக்கு வர வேண்டும்?

நாம் போனால் உள்ளே பார்க்க முடியுமா?

கோடைக்காலச் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். கிளப் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும், ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். டன்பிரிட்ஜ் வெல்ஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், வழியில் அந்தப் பழைய ஊற்றையும் எட்டிப் பார்க்கலாம். ரயில் டிக்கெட் எடுக்கும்போது மட்டும் கவனம், பெயரில் 'வெல்ஸ்' இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இறங்குவது ஃபிராங்க் வூலி ஊரில்.